நாய் இழுக்க, நாம் ஓட: சாமான் வாங்குவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்லோவுக்குக் கிழக்கே, ஒஸ்ட்மார்க்கா காட்டோரம் எங்கள் வீடு. வீட்டில் மணி என்று ஒரு நாய். பாதி ஜெர்மன் வேட்டை நாய். மற்றப் பாதி யாருக்கும் தெரியாது. எடை 24 கிலோ. ஐந்து வருடமாக அவனோடு ஓடுகிறேன், சைக்கிளில் போகிறேன், பனிக்காலத்தில் சறுக்குகிறேன். எல்லாவற்றிலும் முன்னால் நின்று இழுப்பவன் அவன்தான். கலியாண வீடுகளில் என்னைப் பிடித்து நிறுத்தி நம் ஆட்கள் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றுதான்: எதை வாங்குவது, எங்கே வாங்குவது, அவ்வளவு காசு கொடுக்கத்தான் வேண்டுமா? ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லிக் களைத்துவிட்டேன். ஆகவே எழுதியே வைக்கிறேன்.

முதலில், இது என்ன விளையாட்டு? நாயை வதைப்பது போல் இருக்கிறதே?

நாய் முன்னால் இழுத்துக்கொண்டு ஓட, அதோடு இணைத்த கயிற்றில் நீங்கள் பின்னால் ஓடினால் கனிக்ரொஸ். சைக்கிளில் போனால் பைக்ஜோரிங். பனிச்சறுக்குக் கட்டையில் போனால் ஸ்கீஜோரிங். நோர்வே மொழியில் 'ஷோரிங்' என்றால் ஓட்டிச் செல்லுதல்; பின்னிரண்டு பெயர்களின் வால் அங்கிருந்து வந்தது. பனி விழாத மாதங்களில் சறுக்குவண்டி நாய்களின் உடம்பு தளர்ந்துவிடாமல் இருக்க வண்டிக்காரர்கள் செய்த பயிற்சிதான் பிறகு ஓட்டம், சைக்கிள் என்று தனி விளையாட்டாகிவிட்டது.

வதை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். அங்கே கையில் கம்பு இருக்கும். இங்கே இரண்டு கையும் வெறும் கை. நாய்க்கு விருப்பமில்லையென்றால் நின்று புல்லை மணந்துகொண்டிருக்கும், நீங்கள் அசடு வழிய வேண்டியதுதான். போட்டிகளில் ஆள் நாயை இழுத்துக்கொண்டு ஓடுவதும் குற்றம். வதை நடக்கிறதென்றால் அது பெரும்பாலும் பொருந்தாத சாமானால் நடக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கம் இவ்வளவு நீளம்.

ஓடத் தொடங்க எது எது வேண்டும்?

நாய்க்கு இழுவை ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்க்கட்டு), உங்களுக்கு இடுப்புப்பட்டி, நடுவில் எலாஸ்டிக் வைத்த கயிறு. அவ்வளவுதான். இங்கே நல்ல தரத்தில் மூன்றும் சேர்ந்து 2000 குரோனருக்குச் சற்று முன்பின் வரும். காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் ஹார்னஸில் குறைக்காதீர்கள். இடுப்புப்பட்டி மலிவானதாக இருந்தால் நோவது உங்களுக்கு. நீங்கள் வாய்விட்டுச் சொல்லலாம். நாய் சொல்லாது.

உங்கள் சப்பாத்து சேற்றில் பிடிக்கிற அடியுள்ளதாக இருக்கட்டும். தார் ரோட்டில் ஓடும் சப்பாத்தோடு இறக்கத்தில் 24 கிலோ நாய் இழுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டில் நடக்கக் கூட்டிப்போகும் ஹார்னஸ் இருக்கிறது. அதையே போட்டால் என்ன?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கடையின் செல்லப்பிராணிப் பகுதியில் வாங்கிய ஹார்னஸ். பார்க்க அழகு, நெஞ்சுக்குக் குறுக்கே அகலமான ஒரு வார். மூன்றாவது கிழமை மணியின் முன்னங்கால் இடுக்கில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. குறுக்கு வார் தோள்மூட்டின் மேல் கிடந்ததால் அவன் முன்னங்காலை முழுதாக நீட்டாமல் சின்னச் சின்ன அடி வைத்து ஓடியிருக்கிறான். எனக்கு அது அவனுடைய ஓட்டமே அப்படி என்றுதான் பட்டது.

மாட்டுக்கு நுகம் திமிலுக்கு முன்னால் கழுத்தின் மேல் உட்காரும். பூட்டாங்கயிறு நுகம் நழுவாமல் பிடிக்கத்தான். நாய்க்கு அந்த இடத்தில் பாரம் வாங்க எதுவும் இல்லை. அது நெஞ்செலும்பாலும் விலாக்கூட்டாலும் இழுக்க வேண்டும். அதனால் இழுவை ஹார்னஸின் முன்பக்கம் ஒய் எழுத்துப் போல் இருக்கும்: கழுத்தடியிலிருந்து இரண்டு வார்கள் இறங்கி நெஞ்செலும்பில் சேர்ந்து, கால்களுக்கு நடுவால் பின்னே போகும். தோள்மூட்டு சுதந்திரமாக இருக்கும். இழுக்காமல் இருக்கப் பழக்குவதற்கென்றே முன் நெஞ்சில் வளையம் வைத்து விற்கும் ஹார்னஸ் இதற்கு நேர் எதிரான சாமான். கழுத்துப்பட்டியில் கயிற்றைக் கட்டி இழுக்க விடுவதைப் பற்றிக் கேள்வியே வேண்டாம். மூச்சுக்குழாய் அங்கேதான் இருக்கிறது.

எக்ஸ்-பேக், குட்டை ஹார்னஸ், அது இது என்று பத்து வகை இருக்கிறது. எது எனக்கு?

எல்லோரும் நாயின் இனத்தைச் சொல்லித்தான் இதைக் கேட்கிறார்கள். "ஹஸ்கிக்கு எது நல்லது?" நான் திருப்பிக் கேட்பது வேறு: கயிறு எந்தக் கோணத்தில் போகப்போகிறது?

சறுக்குவண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டியின் இணைப்பு தரையோடு தாழ்வாக இருக்கிறது, கயிறு நீளம். நாயின் வாலடியிலிருந்து கயிறு கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் போகிறது. அந்தக் கோணத்துக்காகவே பிறந்தது எக்ஸ்-பேக். முதுகின் மேல் வார்கள் குறுக்காக எக்ஸ் போட்டு வாலடியில் ஒரு வளையத்தில் முடியும். இழுவை நெஞ்சிலிருந்து உடம்பு நெடுகப் பரவும். பக்கிள் இல்லை, அட்ஜஸ்ட்மென்ட் இல்லை, மலிவு. வண்டி நாய்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

அதையே போட்டுக்கொண்டு நீங்கள் ஓடினால்? கயிறு உங்கள் இடுப்பிலிருந்து இறங்கி நாயின் வாலடிக்குப் போகிறது. இழுக்கும்போதெல்லாம் ஹார்னஸின் பின்பாகம் மேலே தூக்கப்படும், கழுத்துப் பகுதி இடம் மாறும், நாய் இழுப்பதை நிறுத்தினால் முழு ஹார்னஸும் தொளதொளவென்று பக்கத்துக்குச் சரியும். நாய் சின்னதாகவும் ஆள் உயரமாகவும் இருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே ஓடுவதற்குக் குட்டை ஹார்னஸ் பாருங்கள். அதில் இணைப்பு விலாக்கூட்டின் முடிவுக்குக் கிட்டவே, முதுகின் நடுவில் இருக்கும். கயிறு மேல்நோக்கிப் போனாலும் ஹார்னஸ் அசையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது: வாலடி வரை நீளம், ஆனால் வயிற்றுப் பக்க வார்களைக் கூட்டிக் குறைத்து உடம்போடு பிடிக்க வைக்கலாம். ஓட்டம், சைக்கிள், சறுக்கு மூன்றையும் ஒரே ஹார்னஸில் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். விலை கூட. மணி போடுவதும் அதுதான்.

சைக்கிள் மட்டும் என்றால் இணைப்பு இடுப்பை விடத் தாழ்வாக இருப்பதால் இரண்டு வகையும் சரிவரும். அப்போது நாயின் உடம்பைப் பார்க்கலாம். ஆழமான நெஞ்சும் ஒடுங்கிய இடுப்பும் உள்ள நாய்க்கு நீள ஹார்னஸ் பின்பக்கம் ஆடும், குட்டை நல்லது.

அளவு எப்படி எடுப்பது?

துணி தைப்பவர்களின் அளவு நாடா, ஒரு துண்டு இறைச்சி, பொறுமையான இன்னொரு ஆள். கழுத்து, நெஞ்சுச் சுற்று, கழுத்தடியிலிருந்து வாலடி வரை நீளம், எடை. ஒவ்வொரு கொம்பனியும் கழுத்தை வெவ்வேறு இடத்தில் அளக்கச் சொல்லும். சிலர் கழுத்துப்பட்டி கிடக்கும் இடத்தில், சிலர் தோளுக்கு மேலே அடிக்கழுத்தில். ஒரு கொம்பனியின் 5-ஆம் அளவு இன்னொன்றின் 5-ஆம் அளவு ஆகாது. அவர்கள் படத்தைப் பார்த்து அவர்கள் சொன்ன இடத்திலேயே அளந்துவிடுங்கள்.

வந்த பிறகு போட்டுப் பார்ப்பதில்தான் விஷயம். முதல் தடவை வாங்குகிற எல்லோரும் செய்யும் பிழை ஒன்றே: கழுத்து இறுக்கமாக இருக்கிறதென்று பெரிய அளவுக்கு மாற்றிவிடுவார்கள். தலையைக் கொஞ்சம் சிரமப்பட்டு நுழைக்க வேண்டியிருந்தால் அநேகமாக அதுதான் சரியான அளவு. போட்ட பிறகு இரண்டு விரலைத் தட்டையாக உள்ளே விட முடிந்தால் போதும். தளர்வான கழுத்து கீழே நழுவித் தோள்மூட்டின் மேல் உட்காரும். அப்புறம் பழைய கதைதான்.

நெஞ்சில் வார்கள் சேரும் இடம் எலும்பின் மேல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எலும்புக்கு மேலே மென்மையாகத் தட்டுப்பட்டால் அது தொண்டை. ஹார்னஸ் சிறிது அல்லது வடிவம் பொருந்தவில்லை. முன்னங்கால் இடுக்குக்கும் வயிற்று வாருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். நீள ஹார்னஸ் என்றால் வாலடியில் முடிய வேண்டும், வாலுக்கு மேல் ஏறக்கூடாது.

இதையெல்லாம் நாய் சும்மா நிற்கும்போது பார்த்தால் பாதிதான் தெரியும். ஒருவர் முன்னால் இறைச்சியோடு நிற்க, நீங்கள் கயிற்றைப் பூட்டி, ஓடும்போது இருக்கும் அதே உயரத்தில் பிடித்துப் பின்னுக்கு இழுங்கள். நாய் முன்னே சாயும். அந்த நிலையில் மறுபடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். வீட்டு ஹோலிலேயே, சுத்தமான நாயில் செய்யுங்கள். மயிரும் சேறும் ஒட்டிய சாமானை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

இடுப்புப்பட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பெயர்தான் இடுப்புப்பட்டி, இடுப்பில் இருக்கக்கூடாது. பிட்டத்தின் மேல், தாழ்வாக உட்கார வேண்டும். அங்கே இழுத்தால் கால் முன்னே போகும். நாரியில் (கீழ்முதுகில்) ஏறிவிட்டால் ஒரு மணி நேரத்தில் முதுகு பிடித்துவிடும். மேலே ஏறாமல் இருக்கத் தொடையைச் சுற்றி இரண்டு வார் உள்ளதை எடுங்கள். முன்பக்க வளையம் இடம் வலமாக நகரக்கூடியதாக இருந்தால் வளைவில் உடம்பு முறுகாது.

இன்னொன்று: இழுவையில் இருக்கும்போதே ஒரு கையால் திறந்து நாயை விடுவிக்கக்கூடிய கொக்கி. சாதாரணக் கொக்கிகள் கயிறு தொய்ந்தால்தான் திறக்கும். ஆபத்து வரும்போது கயிறு தொய்யாது. சறுக்கில் இது கட்டாயம், ஓட்டத்தில் நல்லது. கடையில் ஒருவரைப் பிடித்து இழுக்கச் சொல்லி, திறந்து பாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

கயிறு எவ்வளவு நீளம்?

ஓட்டத்துக்கு இழுபட்ட நிலையில் 2 மீட்டரைச் சுற்றி. சைக்கிளுக்கும் சறுக்குக்கும் அரை மீட்டரோ இன்னும் கொஞ்சமோ கூட, நாய்க்கும் முன்சில்லுக்கும் இடையில் இடம் வேண்டுமே. போட்டிக்குப் போகிறவர்கள் அந்தப் போட்டியின் விதியைப் பார்த்து வாங்குங்கள். நீளத்துக்கு அங்கே வரம்பு உண்டு. எலாஸ்டிக் இல்லாத சாதாரணக் கயிறு வேண்டாம். நாய் பாய்ந்து புறப்படும் அதிர்ச்சி அதன் நெஞ்சிலும் உங்கள் முதுகிலும் நேரே விழும்.

நாய்ப்பக்கக் கொக்கி சின்னதாக, பாரமில்லாததாக இருக்கட்டும். பெரிய கொக்கி ஒவ்வொரு அடிக்கும் முதுகெலும்பில் தட்டும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு: ஈரம் புகுந்து மைனஸ் 10-இல் கொக்கி உறைந்துவிடும். பித்தளை, வெண்கலக் கொக்கிகள் இதில் பரவாயில்லை என்பது வண்டிக்காரர்களின் அனுபவம்.

சைக்கிளுக்குத் தனியாக என்ன?

முதலில் என் முழங்கைத் தழும்பின் கதை. இரண்டாவது வருடம், கயிற்றைச் சைக்கிள் ஹாண்டிலில் கட்டிக்கொண்டு போனேன். அணில் இடப்பக்கம் ஓடியது. மணி இடப்பக்கம் ஓடினான். ஹாண்டில் இடப்பக்கம் திரும்பியது. நான் நேரே போனேன்.

கயிற்றை ஹாண்டிலில் கட்டவே கூடாது; கையில் பிடிக்கவும் கூடாது, இடுப்பிலும் கட்டக்கூடாது. ஹாண்டிலுக்குக் கீழே சட்டத்தின் தலைக்குழாயில் இணைப்பு இருக்க வேண்டும். அங்கே பூட்டுவதற்கென்றே அன்டெனா என்று ஒரு கம்பி விற்கிறார்கள். சில்லுக்கு மேலால் முன்னே நீண்டு, நாய் திடீரென்று மெதுவாகும்போது தொய்கிற கயிறு முன்சில்லுக்குள் போகாமல் தாங்கிப் பிடிக்கும். பெரிய விலை இல்லை. சைக்கிளில் போகிறவர்கள் இதை விட்டுவிட்டு வேறு எதையும் வாங்க வேண்டாம்.

சைக்கிள் மலைச் சைக்கிளாக, எண்ணெய் டிஸ்க் பிரேக் உள்ளதாக இருக்கட்டும். நல்ல சோடிகள் போட்டியில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். அந்த வேகம் நமக்கு வராது, ஆனால் காட்டுப் பாதையில் 20-ஏ போதும் பல்லை உடைக்க. ஹெல்மெட், கையுறை, கண்ணாடி. கண்ணாடி ஏனென்றால், நாயின் பின்னங்கால் அள்ளி எறியும் சேறு நேரே முகத்துக்குத்தான் வரும்.

சைக்கிளில் பயமென்றால் பெரிய சில்லு வைத்த, காலால் உந்தும் ஸ்கூட்டர் இருக்கிறது. நிற்கும் பலகை தாழ்வு, குதித்து இறங்கலாம்.

பனியில் சறுக்க?

இடுப்புப்பட்டியும் ஹார்னஸும் அதேதான். ஓரத்தில் உருக்கு விளிம்பு வைத்த சறுக்குக்கட்டை மட்டும் வேண்டாம். விழுந்தால் நாயின் பின்னங்காலை அது வெட்டிவிடும். சறுக்கத் தெரியாத நம் தலைமுறைக்கு நான் சொல்வது ஸ்பார்க். ஐஸ் ரோட்டில் கிழவிகள் கடைக்குப் போக உதைத்துத் தள்ளிக்கொண்டு போவார்களே, கதிரை வைத்த அந்தச் சறுக்கு. அதன் அடியில் தாழ்வாகக் கயிற்றைப் பூட்டுங்கள். கோணம் தாழ்வு, எக்ஸ்-பேக்குக்கும் சரி.

நாய்க்குச் சப்பாத்து வேண்டுமா?

நோர்வேயின் வடக்கே, ஆல்ட்டாவில் தொடங்கும் ஃபின்மார்க்ஸ்லோப்பெ போன்ற நீண்ட பனிப் போட்டிகளில் நாய்கள் சப்பாத்துப் போட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அலாஸ்காவின் இடிடரோட் போட்டியில் ஒவ்வொரு நாய்க்கும் 8 சப்பாத்து கையில் இருக்க வேண்டுமென்பது விதி. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். நீங்கள் 5 கிலோமீட்டர் மண்பாதையில் ஓட அது தேவையில்லை. உப்புப் போட்ட ரோடு, கூர்மையான சரளை, விரலிடுக்கில் உருண்டை கட்டும் பனி, பாதத்தில் காயம்: இவற்றுக்கு மட்டும் மெல்லிய துணிச் சப்பாத்து நாலு வாங்கிப் பையில் வைத்திருங்கள். தொலையும், அதனால் மலிவானதே போதும்.

எந்தக் கொம்பனி? இணையத்தில் வாங்கலாமா?

நோர்வேயின் நொன்-ஸ்டொப் டொக்வேர், செக் நாட்டின் மன்மாட், அலாஸ்காக்காரர்களின் ஹவ்லிங் டோக் எல்லாமே இழுவை நாய்களோடு வேலை செய்கிறவர்களின் சாமான்கள். எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. உங்கள் நாயின் உடம்பில் எது உட்காருகிறதோ அதுதான்.

முடிந்தால் முதலில் பக்கத்திலுள்ள இழுவை நாய்க் கழகத்துக்குப் போங்கள். ஒரு சனிக்கிழமை ஐந்து பேரின் ஹார்னஸை உங்கள் நாய்க்குப் போட்டுப் பார்த்துவிடலாம், சும்மா. கடையில் கேட்பதென்றால் 'த்ரெக்செலே' என்று கேளுங்கள். வெறும் 'செலே' என்றால் நடக்கும் ஹார்னஸைக் காட்டுவார்கள். இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, ஆகவே இரண்டு அளவில் எடுத்து ஒன்றைத் திருப்புங்கள். அமெரிக்காவிலிருந்து எடுப்பவர்கள் விலையோடு 25 சதவீத வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழசு வாங்குவது நல்ல யோசனைதான், ஹார்னஸும் பட்டியும் மட்டும். தையலைப் பாருங்கள், வாரில் கடித்த தடம் இருக்கிறதா பாருங்கள். கயிற்றைப் புதிதாகவே வாங்குங்கள். எலாஸ்டிக் களைத்திருந்தால் வெளியே தெரியாது.

என் நாய் வண்டி நாய் இல்லை. வயது என்ன இருக்க வேண்டும்?

போட்டிகளில் மேலே வருபவை கிரேஸ்டர், யூரோஹவுண்ட் போன்ற கலப்புகள். கிரேஸ்டர் வேட்டை நாய் இனங்களின் கலப்பு; யூரோஹவுண்டில் வேட்டை நாயோடு ஹஸ்கியும் கலந்திருக்கும். ஆனால் காட்டில் ஓட லாப்ரடோரும் தெருநாய்க் கலப்பும் போதும். 10 கிலோ நாய்கூட முன்னால் மகிழ்ச்சியாக ஓடும். இழுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூக்குச் சப்பையான இனங்கள் வேண்டாம்.

பெரும்பாலான போட்டிகளில் ஓட்டத்துக்கு 12 மாதம், சைக்கிளுக்கு 18 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். எலும்பு முற்ற வேண்டும். குட்டிக்கு இப்போதே ஹார்னஸ் வாங்கி வைக்காதீர்கள், அளவு மாறும். அதுவரை இடம், வலம், நில் என்ற சொற்களைப் பழக்குங்கள். மணிக்கு நான் தமிழில்தான் சொல்கிறேன். போட்டியில் பத்துப் பேர் நோர்வே மொழியில் கத்தும்போது அவனுக்குக் குழப்பமே இல்லை.

இரண்டு நாய் இருக்கிறது. சேர்த்துப் பூட்டலாமா?

ஓட்டத்தில், இரண்டும் தனித்தனியே பழகிய பிறகு, இரட்டைக் கயிறு வாங்கி. சைக்கிளில் முதல் வருடம் வேண்டாம்.

ஊரில் இருப்பவர்கள் இதைச் செய்யலாமா?

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் விடியற்காலையே இங்கத்தைய கோடை மத்தியானத்தை விடச் சூடு. நாய் உடம்பால் வியர்ப்பதில்லை, மூச்சால்தான் சூட்டை வெளியேற்றும். இழுக்கும் நாய்க்கு 15 பாகையைத் தாண்டினாலே நான் தூரத்தைக் குறைத்துவிடுவேன். ஈரக்காற்று சேர்ந்தால் வீட்டிலேயே. நுவரெலியா, ஊட்டி ஆட்கள் குளிர்ந்த காலையில் ஓரிரு கிலோமீட்டர் ஓடிப் பார்க்கலாம். சிப்பிப்பாறை என்ற தமிழ்நாட்டு வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் குட்டை ஹார்னஸ் எடுங்கள், வாருக்கு உள்பக்கம் மெத்தை உள்ளதாக. மயிர் மெல்லிசு, சீக்கிரம் உரசும். மற்ற ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

சாமான் எத்தனை வருடம் நிற்கும்?

மணியின் ஹார்னஸுக்கு நாலு வயது. கயிறு இது மூன்றாவது. சேறானால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயப்போடுகிறேன். ஹீட்டரின் மேல் போடுவதில்லை. காய்ந்த சேறுதான் தோலை உரசும். மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுச் சந்திப்புத் தையலையும் கொக்கிகளையும் பார்க்கிறேன். ஓடி முடித்ததும் ஹார்னஸை உடனே கழற்றுங்கள், காரில் ஏற்றுவதற்கு முன்பே. என்னுடைய முதல் எக்ஸ்-பேக் தேய்ந்து போகவில்லை. பெட்ரோல் கடையில் கோப்பி வாங்க நான் இறங்கிப்போன ஐந்து நிமிடத்தில் பின் சீட்டில் மூன்று துண்டாகக் கிடந்தது.